மனுவில் இருப்பவரும் கதையில் இருப்பவரும்



கதைமாந்தரைப் படைப்பது பற்றிப் பேசுங்கள் என்று அமைப்பாளர்கள் கேட்டார்கள். களத்தில் இத்தனை வேலை கிடக்கும்போது, கதைக்குள் வரும் ஆளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசத்தான் வேண்டுமா என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். நியாயமான கேள்வி. இந்த உரை முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

நாம் இன்று நினைவுகூரும் தோழர் தம் வாழ்நாளில் எழுதிய பக்கங்களில் பெரும்பகுதி மனுக்கள். தாசில்தாருக்கு, ஆட்சியருக்கு, காவல் கண்காணிப்பாளருக்கு, ஆணையத்துக்கு என்று மற்றவர்களுக்காக எழுதிக் கொடுத்தவை. அந்த மனுக்களையும் நம் இளைஞர்கள் இன்று எழுதும் கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். இரண்டிலும் மனிதர்கள் வருகிறார்கள். ஆனால் இரண்டிலும் வருபவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் அல்ல.

மனு கேட்கும் ஆள்

மனுவில் வரும் ஆளை எண்ணிப் பாருங்கள். பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, முகவரி. இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன இடத்தில், இன்னார் இன்ன சொல்லைச் சொல்லித் திட்டினார், இன்னதால் அடித்தார். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி வழக்கு நிற்க வேண்டுமானால் பாதிக்கப்பட்டவர் யார், தாக்கியவர் யார் என்பது சாதியோடு பதிவாக வேண்டும். பாதிக்கப்பட்ட பெண் முதல் நாள் யாரோடு சண்டை போட்டார், எதற்குச் சிரித்தார், யாருக்குக் கடன் பாக்கி வைத்திருக்கிறார் என்பதெல்லாம் மனுவில் வராது. வரவும் கூடாது. எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் தேடிக்கொண்டிருப்பார். மனு ஒருவரை அவருடைய காயத்தின் அளவுக்குச் சுருக்குகிறது. அதை மனுவின் குறை என்று சொல்ல மாட்டேன். அதன் வேலை அது.

அதே ஆளை அப்படியே தூக்கிக் கதைக்குள் வைக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. நம் சிற்றிதழ்களுக்கு வரும் கதைகளில் பலவற்றை இப்படிச் சொல்லிவிடலாம்: நல்லவரான ஒருவர், அவருக்கு நேரும் ஒரு கொடுமை, இறுதியில் ஒரு சாவு அல்லது ஒரு முழக்கம். பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டால் ஒரு கதை இன்னொரு கதையாகிவிடும். படிக்கிறவர் வருத்தப்படுகிறார், இதழை மூடியதும் அந்த ஆள் மறைந்துபோகிறார். ஏனென்றால் அங்கே ஆளே இல்லை. காயத்தைச் சுமப்பதற்கு ஓர் உடம்பு இருந்தது, அவ்வளவுதான்.

சாதி எழுதி வைத்திருக்கும் பாத்திரங்கள்

இதை வெறும் எழுத்துத் திறமைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. சாதி என்பதே ஆட்களைப் பார்க்காமல் பாத்திரங்களை எழுதி வைக்கும் ஏற்பாடு. பிள்ளை பிறப்பதற்கு முன்பே அது எந்தப் பக்கம் குடியிருக்கும், என்ன வேலை செய்யும், யார் முன்னால் துண்டை இடுப்பில் கட்டும், யார் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்பதெல்லாம் முடிவாகியிருக்கும். பத்து வயதுப் பையன் எழுபது வயதுக் கிழவரை 'டே' போட்டுக் கூப்பிடும்போது அந்தக் கிழவர் யார் என்று அவனுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அவருடைய பாத்திரம் என்ன என்று தெரிந்தால் போதும். எனவே, ஏற்கெனவே எழுதி வைத்த பாத்திரத்துக்குள் அடங்காத ஒரு தலித் கதைமாந்தரைப் படைப்பது கலை வேலையாக இருக்கும்போதே சாதிக்கு எதிரான வேலையாகவும் இருக்கிறது.

நந்தன் கதையை எடுத்துக்கொள்வோம். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் வருகிறார். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர். தில்லைக்குப் போக ஆசைப்பட்டு 'நாளைப் போவேன்' என்று தள்ளிப்போட்டவர். இறுதியில் நெருப்பில் மூழ்கி எழுந்தவர். அங்கே அவரைத் தடுப்பது அவருடைய பிறப்பு பற்றிய எண்ணம்தான். ஒரு முதலாளி தடுத்ததாகப் புராணத்தில் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகளைப் பாடியபோது புராணத்தில் இல்லாத ஒருவரை உள்ளே கொண்டுவந்தார். நந்தனை வேலை வாங்கும் நிலக்கிழாரான வேதியர்தான் அவர். நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் அந்த வேதியர். இந்த ஒரு பாத்திரம் நுழைந்தவுடன் பக்திக் கதைக்குள் பண்ணை நுழைந்துவிட்டது. விடுப்புக் கேட்க வேண்டிய கூலியாள் நுழைந்துவிட்டார். நந்தன் ஏன் நாளை நாளை என்று சொல்லிக்கொண்டிருந்தார் என்பதற்குப் புராணம் சொல்லாத காரணம் ஒன்று கிடைத்துவிட்டது. கற்பனையாகச் சேர்த்த ஒரு பாத்திரம் பழைய கதையால் சொல்ல முடியாததைச் சொல்ல வைக்கும் என்பதற்குத் தமிழில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் நந்தன்? அவர் அப்படியேதான் இருந்தார். உருகுகிறார், கெஞ்சுகிறார், எரிகிறார். வேதியரைப் பற்றித் தன் சேரியில் உட்கார்ந்து என்ன கேலி பேசியிருப்பார், நாற்பது வேலியில் தனக்கு எவ்வளவு நெல் வந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டாரா என்பதை யாரும் கேட்கவில்லை. அந்த இடத்தில்தான் நம் வேலை தொடங்குகிறது.

ஐந்து பேரிலிருந்து ஒருவர்

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட் இந்தச் சிக்கலை நமக்கு முன்பே சந்தித்தவர். 1938இல் வெளிவந்த அவருடைய முதல் கதைத் தொகுப்பைப் படித்துப் பலரும் கண்ணீர் விட்டார்கள். வங்கி முதலாளிகளின் மகள்கள் படித்து அழுதுவிட்டு நிம்மதியாகத் தூங்கும்படியான புத்தகத்தை எழுதிவிட்டோமே என்று அவருக்குத் தோன்றியது. அடுத்த நாவலில் அழுது ஆறுதல் அடையும் வசதியைப் படிப்பவருக்குத் தரக் கூடாது என்று முடிவெடுத்தார். 1940இல் வந்த அந்த நாவலின் மையப் பாத்திரம் பிக்கர் தாமஸ். பிக்கர் எப்படிப் பிறந்தான் என்று ரைட் தனியாக ஒரு கட்டுரையே எழுதினார். தான் வளர்ந்த ஊர்களில் பார்த்த ஐந்து பேரை அதில் வரிசையாகச் சொல்கிறார். சிறு வயதில் மற்ற பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளைப் பிடுங்கிக்கொண்ட ஒருவன். வெள்ளையருக்குக் கொடுக்க வேண்டிய வாடகையைக் கொடுக்க மறுத்த ஒருவன். காசு கொடுக்காமல் சினிமாக் கொட்டகைக்குள் நுழைந்த ஒருவன். நிறவெறிச் சட்டத்தை மீறி டிராம் வண்டியில் இஷ்டப்பட்ட இடத்தில் உட்கார்ந்த ஒருவன். இப்படி ஐந்து பேர். இவர்களில் யாரும் பிக்கர் இல்லை. ஐந்து பேரிடமும் இருந்த ஏதோ ஒன்றிலிருந்து பிக்கரை உருவாக்கினார்.

ஜேம்ஸ் பால்ட்வின் இதை ஏற்கவில்லை. 1949இல் எழுதிய கட்டுரையில், பிக்கரும் வெள்ளையர் மனத்தில் இருக்கும் பிம்பத்துக்குள்தான் அடைபட்டுக் கிடக்கிறான், எதிர்ப்பதாக நினைத்துக்கொண்டு அதையே ஒப்புக்கொள்கிறான் என்ற பொருளில் விமர்சித்தார். அந்த விவாதம் நமக்கும் வேண்டியது. ஒருபக்கம் கண்ணீருக்காகவே எழுதப்படும் பரிதாபமான ஆள். மறுபக்கம் ஆத்திரத்தைத் தவிர வேறொன்றும் இல்லாத ஆள். இரண்டு பேரையும் எதிரி ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறான்.

டோனி மாரிசனின் வழி வேறு. மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண் 1856இல் கென்டக்கியிலிருந்து ஒஹாயோவுக்குத் தப்பி ஓடினார். பிடிபட்டபோது, மறுபடியும் அடிமையாகப் போக வேண்டாம் என்று தன் மகளைக் கொன்றார். அந்தச் செய்தியைப் பழைய தாள்களில் கண்ட மாரிசன், கார்னரின் வாழ்க்கையை மேலும் துருவி ஆராயவில்லை. வேண்டுமென்றே அங்கேயே நிறுத்திக்கொண்டு, செத்தே என்ற வேறொரு பெண்ணைப் படைத்தார். 1987இல் வந்த 'பிலவ்ட்' நாவல் அப்படி உருவானது. கார்னரின் வழக்கு ஆவணத்தில் இருந்தது ஒரு செயல். அந்தச் செயலுக்குப் பிறகு ஒருத்தி பதினெட்டு ஆண்டுகள் எப்படிச் சமைத்தாள், தூங்கினாள், யாரைக் காதலித்தாள் என்பதைச் சொல்ல ஆவணம் போதாது. அதற்குக் கற்பனை தேவைப்பட்டது.

தமிழில் நமக்குக் கிடைத்தவர்கள்

இனி நம் வீட்டுக்கு வருவோம். பூமணியின் 'பிறகு' 1979இல் வந்தது. அழகிரி என்ற சக்கிலியத் தொழிலாளி அதில் வருகிறார். அவரை நாம் முதலில் அறிவது அவருடைய கைகளின் வழியாகத்தான். தோல், செருப்பு, கமலைக்குத் தேவையான வேலை என்று ஊரே அவருடைய தொழிலறிவை நம்பி நிற்கிறது; அதே ஊர் அவரைத் தள்ளியும் வைத்திருக்கிறது. பூமணி இதைப் பிரசங்கமாகச் சொல்வதில்லை. தொழில் தெரிந்த ஒருவரை நம் முன்னால் உட்கார வைத்து வேலை செய்ய விடுகிறார்.

பாமாவின் 'சங்கதி' 1994இல் வந்தது. அதில் நாயகி என்று ஒருத்தி இல்லை. பாட்டி, மகள், பேத்தி, அண்டை வீட்டுக்காரி என்று பல பெண்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஏசுகிறார்கள், கும்மாளம் போடுகிறார்கள், பேய் பிடித்து ஆடுகிறார்கள். மாரியம்மாளிடம் தப்பாக நடக்க முயன்ற மேல்சாதி நிலக்காரர், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அவள்மேலேயே பழியைப் போடுகிறார். நம் தெருப் பஞ்சாயத்து கூடி, அவளுக்கும் அவளோடு சேர்த்துப் பழி சுமத்தப்பட்ட இளைஞனுக்கும் அபராதம் போடுகிறது. இளைஞனைவிட அவளுக்கு அபராதம் அதிகம். மனுவில் இந்தப் பஞ்சாயத்து வராது. கதையில் வந்தே ஆக வேண்டும்.

அதே 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தது. புதிரை வண்ணார் சாதியைச் சேர்ந்த ஆரோக்கியம் தலித்துகளுக்குத் துணி வெளுக்கிறாள். பேறுகாலத்துக்கும் சாவுக்கும் ஓடுகிறாள். அந்தி நேரத்தில் வீடு வீடாகச் சோறு எடுக்கிறாள். களத்தில் நெல் கேட்டு நிற்கிறாள். அவளுக்குக் கொடுக்க மறுப்பவர்களும் நம் மக்களே. தலித்துகளுக்குள் இருக்கும் மேல் கீழை வெளியே சொல்லலாமா என்று அப்போது கடும் விவாதம் நடந்தது. முப்பது ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், விவாதத்தில் பேசியவர்கள் சொன்னது மறந்துபோயிருக்கலாம். ஆரோக்கியத்தை யாரும் மறக்கவில்லை. அவள் வெறுமனே சுரண்டப்பட்டவளாக இருந்திருந்தால் மறந்திருப்போம். தன் தொழிலில் அவளுக்கு ஒரு பெருமை இருக்கிறது. ஊர் தன்னைக் கைவிடாது என்று பிடிவாதமாக நம்புகிறாள். அந்த நம்பிக்கைதான் நம்மைக் குத்துகிறது.

ராஜ் கௌதமன் 'சிலுவைராஜ் சரித்திரம்' எழுதியபோது தன்னையே ஒரு பாத்திரமாக்கினார். தன்வரலாற்றில் 'நான்' என்று எழுதும்போது தற்காப்பு வந்துவிடும். 'சிலுவைராஜ்' என்று பெயர் வைத்துத் தள்ளி நிறுத்தியதால் அவனைப் பார்த்துச் சிரிக்க முடிந்தது. அவனுடைய பயத்தையும் பாசாங்கையும் சொல்ல முடிந்தது. தன் வாழ்க்கையிலிருந்து எழுதத் தொடங்கும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தன்னைப் பற்றி எழுதினாலும் பாத்திரத்தைப் படைத்தே ஆக வேண்டும்.

காத்தமுத்துவின் மனு

இன்றைய பேச்சுக்கு மிக நெருக்கமான பாத்திரம் சிவகாமியின் 'பழையன கழிதலும்' நாவலில் இருக்கிறார். 1989இல் வந்த நாவல் அது. காத்தமுத்து ஒரு தலித் தலைவர். ஊர்ப் பிரச்சினை என்றால் அவர் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவார்கள். அவருக்குத் துணிச்சல் உண்டு, அதிகாரிகளிடம் பேசத் தெரியும், தந்திரம் தெரியும். வீட்டில் இரண்டு மனைவிகள், பெண்களிடம் அதட்டல். தங்கம் என்ற விதவை, மேல்சாதி ஆட்களிடம் அடிபட்டு அவர் வீட்டு வாசலில் வந்து விழுகிறாள். அவளுக்கு நடந்தது வேறு. வழக்கு நிற்க வேண்டும் என்பதற்காகக் காத்தமுத்து மனுவில் எழுத வைப்பது வேறு. அவருடைய மகள் கௌரி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பாருங்கள், ஒரு நாவல் மனு எழுதுவதையே ஒரு காட்சியாக்கிவிட்டது. காத்தமுத்து நல்லவரா, கெட்டவரா என்று ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அவர் இல்லாவிட்டால் தங்கத்துக்கு நாதியில்லை. அவர் இருப்பதாலேயே தங்கம் இன்னொரு பிடிக்குள் மாட்டிக்கொள்கிறாள். இப்படிப்பட்ட தலைவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்களால் நாம் பிழைத்திருக்கிறோம். அவர்களிடம் நம் பெண்கள் அவதிப்பட்டும் இருக்கிறார்கள். முழக்கத்தில் இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும். காத்தமுத்து என்ற பாத்திரத்தில் இரண்டும் ஒரே உடம்பில் நடமாடுகின்றன.

சிவகாமி இதோடு விடவில்லை. பின்னர் 'ஆசிரியர் குறிப்பு' என்ற பகுதியை எழுதி, தான் படைத்த பாத்திரங்களையே விசாரணைக்கு எடுத்துக்கொண்டார். எழுத்தாளர் தன் ஊருக்குத் திரும்பிப் போகிறார். எழுதியது ஒன்று, இருந்தது ஒன்று என்ற கேள்விகள் எழுகின்றன. தகப்பனைப் போன்ற ஒருவரை ஏன் அப்படி எழுதினாய், எதை மறைத்தாய் என்ற விசாரணை நாவலுக்குள்ளேயே நடக்கிறது. 2006இல் ஆங்கிலத்தில் வந்தபோது இரண்டும் ஒரே நூலாக வந்தன. ஒரு தலித் எழுத்தாளர் தன் பாத்திரத்துக்குத் தானே பொறுப்பேற்பது எப்படி என்று தெரிந்துகொள்ள நீங்கள் இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நம் குறையைச் சொல்லலாமா

இங்கே ஒரு தோழர் எழுந்து கேட்கலாம்: 'நம் ஆட்களின் குறையை நாமே எழுதினால் அதை எதிரி எடுத்துக்கொள்ள மாட்டானா?' எடுத்துக்கொள்வான். ஆகவே எப்படி எழுதுவது என்பதில் கவனம் வேண்டும்.

பிரேம்சந்தின் 'கஃபன்' கதையை எடுத்துக்கொள்வோம். 1936இல் இந்தியில் வந்தது. கீசு, மாதவ் என்ற தகப்பனும் மகனும் சமார் சாதியினர். மாதவின் மனைவி புதியா உள்ளே பிரசவ வலியில் துடிக்கும்போது இவர்கள் வெளியே உருளைக்கிழங்கு சுட்டுத் தின்கிறார்கள். அவள் இறந்ததும் கோடித் துணிக்கு வாங்கிய காசில் குடிக்கிறார்கள். இவர்கள் இப்படி ஆனதற்குச் சமூகம்தான் காரணம் என்று கதையே சொல்கிறது. இருந்தும் தலித் விமர்சகர்கள் பலர் இதை ஏற்கவில்லை. என் பார்வையில் சிக்கல் கீசுவிடம் குறை இருப்பதில் இல்லை. உள்ளே கிடக்கும் புதியா கதறுகிறாளே தவிர அவளுக்கென்று ஒரு பேச்சு இல்லை. இவர்களுக்கு வெளியே அந்தத் தெருவில் வேறு விதமான ஆள் ஒருவரும் நமக்கு அறிமுகமாவதில்லை. அப்போது குறை ஆளோடு நிற்காமல் சாதியின்மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. காத்தமுத்துவின் குறை அப்படி ஒட்டுவதில்லை. பக்கத்திலேயே கௌரி நின்று அவரை எதிர்த்துக்கொண்டிருக்கிறாள். குறையை எழுதுங்கள், அந்தக் குறையைப் பார்த்து வாதாடுகிற இன்னொருவரையும் அதே தெருவிலிருந்து எழுதுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நமக்கு உரிமை இருப்பது நாம் நல்லவர்கள் என்பதற்காக அல்ல. நன்னடத்தைச் சான்றிதழ் காட்டினால்தான் தண்ணீரும் சுடுகாட்டுப் பாதையும் கிடைக்கும் என்றால் அது உரிமையே இல்லை. குடிகாரனுக்கும் சண்டைக்காரிக்கும் அது உண்டு. குற்றமற்றவர்களை மட்டுமே எழுதிக்கொண்டிருந்தால் இந்த உண்மையை நாமே விட்டுக்கொடுத்துவிடுகிறோம்.

வேங்கைவயலும் நாமும்

நம் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதையெல்லாம் பேசும்போது வேங்கைவயலைச் சொல்லாமல் போக முடியாது. 2022 டிசம்பரில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை பாதிக்கப்பட்ட தரப்பைச் சேர்ந்த மூவரையே குற்றம்சாட்டியது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. நம் இயக்கங்களும் ஏற்கவில்லை. வழக்கைப் பற்றிப் பேச வேறு மேடைகள் இருக்கின்றன. இங்கே ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்தச் சில ஆண்டுகளில் ஒரே மக்களுக்கு எத்தனை பாத்திரங்கள் கொடுக்கப்பட்டன! முதலில் பாவப்பட்டவர்கள். பிறகு மரபணுச் சோதனைக்கு மாதிரி கொடுக்க வேண்டியவர்கள். பிறகு சந்தேகத்துக்குரியவர்கள். அந்தத் தண்ணீருக்கு முன்னால் அவர்கள் யார், எதற்குச் சிரித்தார்கள், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு மொய் எழுதினார்கள் என்பது எந்தக் கோப்பிலும் இல்லை. ஆட்களைத் தெரியாதபோது அவர்கள்மேல் எந்தப் பாத்திரத்தையும் ஒட்டிவிடலாம். கதை எதற்கு என்ற கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

அதற்காக நாளைக்கே தொட்டியைப் பற்றிக் கதை எழுதிவிடாதீர்கள். வழக்கில் இருக்கும் உண்மையான ஆளை அடையாளம் தெரியும்படி கதையில் வைத்தால், சாட்சி சொல்லப் போகிறவருக்கு அது ஆபத்தாக முடியலாம். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவு. சட்டத்தை விடுங்கள். நம்மை நம்பி அழுதவர்களின் அழுகையை அப்படியே எடுத்து அச்சில் போடுவதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது? ரைட் ஐந்து பேரிலிருந்து ஒருவரைச் செய்தார். மாரிசன் ஓர் இடத்தில் ஆராய்ச்சியை நிறுத்தினார். இரண்டும் கலை உத்திகள் மட்டுமல்ல. உயிரோடு இருக்கிறவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் காட்டும் மரியாதையும்கூட.

ஒருவரைச் செய்து பார்ப்போம்

இப்போது இங்கேயே ஒருவரைச் செய்து பார்ப்போம். நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளராக இருக்கும் ஒரு பெண். காலனியைச் சேர்ந்தவர்; பத்தாவது படித்தவர்; வயது முப்பத்தைந்து. பெயரை நீங்கள் வையுங்கள். பெயர் வைக்கும்போது அவர் எந்த ஆண்டு பிறந்தார், அப்போது அந்தத் தெருவில் யார் படம் மாட்டியிருந்தார்கள், பெயர் வைத்தது தாத்தாவா பள்ளிக்கூடத்து வாத்தியாரா என்று யோசித்து வையுங்கள்.

முதலில் அவருடைய வேலை. கைபேசிச் செயலியில் ஆட்களை நிறுத்திப் படம் எடுக்க வேண்டும், வருகை பதிய வேண்டும். கண்மாய்க் கரையில் சிக்னல் கிடைக்காது. தைலமரக் காட்டோரம் மேட்டில் ஏறி நின்றால் கிடைக்கும். ஊர்த்தெருப் பெண்களும் அங்கே வேலைக்கு வருகிறார்கள். காலனிப் பெண் 'வரிசையா நில்லுங்க' என்று சொன்னால் எப்படி நிற்பார்கள்? எத்தனை நிமிடம் தாமதித்து நிற்பார்கள்? சாதி அந்த நிமிடங்களில் இருக்கிறது. அடிதடி வேண்டியதில்லை.

அடுத்து அவருடைய ஆசை. விடுதலை, சமத்துவம் என்று எழுத வேண்டாம். அவை நம் ஆசைகள். அவருக்கு இன்றைக்கு என்ன வேண்டும்? நல்ல கேமரா உள்ள கைபேசி வேண்டும். மகளைத் திருச்சியில் நர்சிங் சேர்க்க முன்பணம் வேண்டும். அல்லது, ஒரே ஒரு நாள் யாருக்கும் பதில் சொல்லாமல் தூங்க வேண்டும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

பிறகு அவருடைய குறை. நாத்தனாரோடு பழைய மனஸ்தாபம். நாத்தனார் ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் வருகை போடுவதில்லை. ஊர்த்தெருப் பெண் அரை மணி தாமதமாக வந்தாலும் போட்டுவிடுகிறார். ஏன் என்று அவருக்கே தெரியும். அந்தத் தெரிதலோடு அவர் இரவில் எப்படிப் படுக்கிறார்? கதை அங்கே இருக்கிறது.

கடைசியாகப் பேச்சு. கிராம நிர்வாக அலுவலரிடம் 'சார்'. ஊர்த்தெருப் பெரியவரிடம் அவருடைய அம்மா 'சாமி' என்றார். இவர் 'ஐயா' என்கிறார். இவருடைய மகள் 'என்னங்க' என்கிறாள். மகள் அப்படிச் சொன்ன அன்று அந்தப் பெரியவரின் முகம் எப்படி இருந்தது? அப்பாயி வீட்டுக்குள்ளிருந்து அதைக் கேட்டுப் பயந்தாரா, சிரித்தாரா? மூன்று தலைமுறை வரலாற்றை மூன்று சொற்கள் சொல்லிவிடும்.

அந்தப் பெரியவரையும் மறந்துவிடாதீர்கள். அவருக்கு மீசையை மட்டும் வைத்துவிட்டுப் போகாதீர்கள். 2012இல் வந்த இமையத்தின் 'பெத்தவன்' கதையில் பழனி என்ற தகப்பனுக்கு, தலித் இளைஞனை விரும்பிய தன் மகளைக் கொல்லச் சொல்லி ஊர் உத்தரவு போடுகிறது. அவர் மகளைக் காதலனிடம் அனுப்பிவிட்டுத் தான் சாகிறார். அதே ஆண்டு நவம்பரில் தருமபுரி நத்தம் காலனி எரிந்தது. இமையத்துக்கு நடக்கப் போகும் சம்பவம் தெரியாது. பாசமுள்ள ஒரு தகப்பனின் கழுத்தில் சாதி எத்தனை கைகளை வைத்து அழுத்தும் என்பது தெரியும். ஆதிக்கச் சாதி மனிதரை அரக்கனாக எழுதினால் படிக்கிற ஒவ்வொருவரும் 'அது நான் இல்லை' என்று தப்பித்துக்கொள்வார்கள். சாதாரண மனிதராக எழுதினால் தப்பிக்க இடம் இல்லை.

மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு கதைமாந்தரை எழுதிக்கொண்டு வாருங்கள். முழுக் கதை வேண்டாம். நான்கு பக்கம் போதும். அந்த நான்கு பக்கத்தில் அவருக்குக் கொடுமை எதுவும் நடக்கக் கூடாது. அவர் வேலை செய்யட்டும், எதையாவது விரும்பட்டும், யாரையாவது ஏமாற்றட்டும், ஒரு முறையாவது சிரிக்கட்டும். படித்துக் கேட்ட பிறகு, இவரை நான் பார்த்திருக்கிறேன், ஆனால் யார் என்று சொல்ல முடியவில்லை என்று கூட்டத்தில் ஒருவராவது சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் ஆள் வந்துவிட்டார் என்று பொருள். அதற்குப் பிறகு அவருக்கு ஏதாவது நேர்ந்தால் படிக்கிறவர் புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்க முடியாது.